புதுவயல் ஆலையில் பிடிபட்ட முதல் விலங்கு

1. காட்டில் தனியாகப் பிழைக்கத் தேவையான பொருள்களை ஒரு மிட்டாய் டப்பாவில் அடுக்கினேன்: நூல், ஊசி, தீப்பெட்டி, ஒரு துண்டு கருவாடு.
2. காடு கிடைக்கவில்லை. புதுவயலில் ஓர் அரிசி ஆலை கிடைத்தது.
3. அங்கே நெல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் வள்ளியக்கா எலித் தொல்லை என்றார். பயிற்சிக்கு ஆகட்டும் என்று ஓர் அட்டைப்பெட்டியைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, கருவாட்டை உள்ளே வைத்தேன்.
4. பெட்டி விழுந்தது.

விழுந்த பெட்டி இப்போது தானாக நகர்கிறது. தூக்குகிறேன். சாம்பல் நிறப் பூனை ஒன்று கருவாட்டைக் கவ்வியபடி பாய்ந்து, தகரக் கூரையில் ஏறி உட்கார்கிறது.

“இங்க எலி பிடிக்கிற ஒரே ஆளு அதுதான். அதையே பிடிச்சுப்புட்டீகளே” என்கிறார் வள்ளியக்கா.

“இறங்கி வந்துரும்க்கா.”

“அது கோவிச்சா லேசுல இறங்காது. மூட்டையில ஓட்டை விழுந்தா முதலாளி என் வேலையத்தான் பறிப்பாக.”

“நான் என்ன செய்யணும்?”

“அங்குட்டு உக்காருங்க. எலி வந்தா மியாவ்னு கத்துங்க.”

நான் ஊர் திரும்ப வேண்டிய சிவகங்கை பஸ் போய்விட்டது. பூனை கூரையில் இருக்கிறது. நான் நெல் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறேன். முதல் எலி வந்தது. கத்தினேன். போய்விட்டது.