துளசியோடு போன பிலிம் சுருள்

திருமணம் முடிந்து கனடாவுக்குப் புறப்பட்டபோது அக்கா தன் பிலிம் கேமராவை என்னிடம் விட்டுச் சென்றாள். உள்ளிருந்த சுருளில் பாதியை அவள் எடுத்திருந்தாள். மீதியை நான் முக்கொம்பில் எடுத்து முடித்தேன். என் படங்களில் எனக்கு ஆர்வமில்லை. போவதற்கு முந்தைய வாரங்களில் அவள் எவற்றைப் பார்த்து நின்றாள் என்பதே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவற்றில் எங்காவது நான் இருப்பேன் என்று நம்பினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

திருச்சியில் நான் விசாரித்த ஸ்டுடியோக்களில் இப்போது பிலிம் கழுவுவதில்லை. சென்னையில் ஓரிடத்தில் கழுவுகிறார்கள் என்று தெரிந்தது. தபாலில் அனுப்பலாம், வெப்பமும் ஈரமும் மட்டும் படக்கூடாது என்றார்கள். சுருளை அதன் டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டேன். மாத்திரைப் புட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்காக வைக்கும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றையும் உள்ளே போட்டு, பஞ்சு சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்தேன். பெட்டியின்மேல் 'கழுவாத பிலிம், எக்ஸ்ரே வேண்டாம்' என்று எழுதினேன். குளித்துவிட்டு வந்து டேப் ஒட்டி, வெயில் ஏறுமுன் ஸ்ரீரங்கம் தபால் நிலையத்தில் சேர்த்தேன்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள்.

"நன்னா ஒட்டினியா? நீ குளிக்கறச்சே பெருமாள் துளசி கொஞ்சம் வெச்சேன்."

"எதுக்குள்ள?"

"அந்தப் பிளாஸ்டிக் கவர்லதான். பத்திரமா போய்ச் சேரட்டுமேன்னு."

"ஈரமாவா?"

"பின்ன, காஞ்சதையா வெப்பா?"

எங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போகும் எதுவும் துளசி இல்லாமல் போனதில்லை. சென்னைக்கு போன் செய்து, பெட்டி வந்தவுடன் உறையைப் பிரித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். காரணத்தைச் சொன்னதும் "துளசியா?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

மாலை வீடியோ காலில் அக்கா சிரித்தாள். "என் பாஸ்போர்ட்டுக்குள்ளயும் வெச்சிருந்தா. ஏர்போர்ட்ல ஆபீசர் இலையத் தனியா எடுத்து வெச்சுட்டு என்னையே பார்த்தான்."

"ரோல்ல என்னென்ன எடுத்திருந்தே?"

"ஞாபகமே இல்லடி. வந்தா பாரு."

சில நாட்கள் கழித்துப் படங்கள் என் போனுக்கு வந்தன. சில ஈரம் பட்டுத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தன, மற்றவை பிழைத்திருந்தன. அக்கா எடுத்தவை முதலில் இருந்தன. விடியலில் ஆளில்லாத சித்திரை வீதி. கொல்லைக் கொடியில் காயும் புடவை. அடுப்பருகே அம்மாவின் முதுகு. கொள்ளிடத்தின் வெறும் மணல், அதையே மறுபடியும் மறுபடியும். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, ஓரங்கள்வரை பார்த்தேன். நான் எதிலும் இல்லை.

அனைத்தையும் அக்காவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள். புடவையைப் பற்றியும் மணலைப் பற்றியும் நெடுநேரம் பேசினாள். அவள் ஓய்ந்தபின் கேட்டேன்.

"என்னை ஒண்ணுகூட எடுக்கலையே?"

"நீதான் எப்பவும் பக்கத்துலயே நின்னுண்டிருந்தியே. எப்படி எடுக்கறது?"

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு நான் மணல் படம் ஒன்றைத் திறந்து, அவள் எங்கே நின்றிருப்பாள் என்று ஊகித்து, அதற்கு இடப்பக்கத்தை, நான் வழக்கமாக நிற்கும் இடத்தை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.