ரோசம்மா காட்டிய குழி

இன்று வெள்ளனே மழைநீர் வரி போட ஓவர்சீயர் வந்தார். வீட்டு மழைநீரைத் தன் நிலத்திலேயே குழி வெட்டி இறக்குகிறவர்களுக்கு வரியில் தள்ளுபடியாம்.

"பின்னால யானையே விழுற குழி இருக்கு சார். தனியாளா ஒரே நாள்ல வெட்டுனேன்" என்றேன்.

"காட்டுங்க" என்றார்.

குழி ஏது? என் கூரைத் தண்ணீர் முழுக்கச் சரிவில் இறங்கி, கீழ்வீட்டு ரோசம்மாவின் அடுப்படிக்குள் போகிறது. மிஷன் பள்ளியில் ஆயாவாக இருந்தவள், தனியாள். ஐப்பசி முழுக்க ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறாள்.

அவளே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் கொல்லையைக் கைகாட்டிச் சொன்னாள்: "இங்கனதான் கெடந்துச்சு சார். மண்ணு சரிஞ்சு மூடிருச்சு. அண்ணன் வெரசா தோண்டிருவாரு."

அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஓவர்சீயர் போனார்.

"எனக்காகவா பொய் சொன்னே, ரோசம்மா?"

"வரியப் போட்டா கட்டிட்டு சும்மா இருந்துருவீங்கண்ணே. இப்பத் தோண்டித்தான ஆகணும்? என் அடுப்பும் காயும்."

மதியத்துக்குள் கழுத்தளவு தோண்டிவிட்டேன். முழங்கால்கூட வரவில்லை என்கிறாள் அவள். ரேடியோவில் நாளைக்கும் மழையாம்.

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டியிருக்கிறேன். கடப்பாரை உள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். பென்சில் கட்டித் தொங்குகிறது. கழுத்தா முழங்காலா என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம்.