உப்புக் கடலுக்கு ஓர் உள்ளுடுப்பு

கூறைச் சேலையையும் கோடித்துணியையும் ஒரே குரலில் கேட்டு வாங்குகிற சனம், உள்ளே உடுப்பதற்குத் துணி கேட்கும்போது மாத்திரம் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்; அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டுக் கேட்டே என் காது பழகியிருக்கிறது.

ஊர்காவற்றுறையில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் சிறிய துணிக்கடை என்னுடையது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் வராத மத்தியானங்களில் தேவையில்லாததை எல்லாம் யோசிப்பது என் குணம். இத்தனை காலம் துணியை விற்றேனா, துணியை அறிந்தேனா என்பது அப்படி யோசித்த ஒன்று. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து லோஞ்சுப் படகில் ஒரு புதுக் கட்டு வந்து இறங்கினால் அந்த யோசனை எல்லாம் பறந்துவிடும். கயிற்றை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இன்றைக்கும் கத்தியால் அறுத்துவிடுவேன். சித்திரை வெயிலில் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு போட்டு, நாலு பேர் நடுவில் சொறியவும் ஏலாமல், சொறியாமல் இருக்கவும் ஏலாமல் நெளிந்திருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தலையணை உறை

வேலணைப் பக்கத்துத் தலைமை வாத்தியார் ஒருவர் வந்தார். தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, தலையணை உறைக்கு ஒரு துணி வேண்டும் என்றார். கோடு போட்ட கெட்டித் துணியை எடுத்து விரித்தேன். "உது சூடு. காத்துப் போய் வரவேணும்" என்றார். மெல்லிய மல் துணியை விரித்தேன். முகம் மலர்ந்தது.

கடை வாசலில் மெஷின் போட்டிருக்கும் தையற்காரர் செல்லத்துரை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தலையணைக்கு நாடா வைக்கவோ, பொத்தான் வைக்கவோ?" என்று கேட்டார். வாத்தியார் வெகுநேரம் யோசித்து, நாடா என்றார். "சுற்றளவு?" என்றார் செல்லத்துரை. வாத்தியார் மறுபடி தெருவைப் பார்த்தார். "முப்பத்தெட்டு எண்டு வையுமன். கொஞ்சம் தளர்வாய் இருக்கட்டும். அது கதிரையிலை கனநேரம் இருக்கிற தலையணை."

துரை சொன்ன பிளனல்

மலாயாவில் ரயில் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த ஒரு பென்சனியர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவருக்கு உள்ளே போட பிளனல்தான் வேண்டும். வெப்ப நாட்டில் உடம்போடு ஒட்டிக் கம்பளித்துணி இருக்கவேண்டும், அதுதான் வேர்வையைக் குடிக்கும், குளிர் பிடிக்காமல் காக்கும் என்று அவருடைய துரை சொன்னாராம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பிளனல் கட்டு ஒன்று என் கடைப் படியை அதுவரை மிதித்ததில்லை. சொல்லி அனுப்பி வரவழைத்தேன். வந்த அன்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மசுக்குட்டிப் புழு ஊர்ந்தது போல இருந்தது. துரைமாரின் உடம்பு வேறு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு அவர் நயினாதீவுத் திருவிழாவுக்குப் புறப்பட்டார். நானும் அதே வள்ளத்தில் இருந்தேன். நடுக்கடலில் காற்று விழுந்துவிட்டது. முதலில் கோட்டைக் கழற்றினார். பிறகு பேச்சை நிறுத்தினார். பிறகு பெண்களை மறுபக்கம் திரும்பியிருக்கச் சொல்லிவிட்டு, குடையை விரித்து அதன் பின்னால் போனார். திரும்பி வந்தபோது கையில் நனைந்த பூனைக்குட்டி போல ஏதோ தொங்கியது. அதைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "துரைக்கு இது சரிதான் தம்பி. அவரின்ரை தலைக்கு மேலை பங்கா விசிறி ஆடினது. என்ரை தலைக்கு மேலை வெயிலெல்லோ ஆடுது."

நின்றபடி வந்தவன்

இது வரைக்கும் சிரிப்பு. சவிரிமுத்துவின் கதை அப்படியல்ல. அவன் எங்கள் கரையில் வள்ளத்துக்குத் துடுப்புத் தண்டு வலிக்கிறவன். சொந்த வள்ளம் இல்லை. அக்காளின் புருஷன் யோசேப்பின் வள்ளத்தில் ஒரு தண்டு அவனுடையது, அதை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. கடலுக்குப் போட உள்காற்சட்டைக்குத் துணி கேட்டு வந்தபோது, கிழியாத துணி என்று நான்தான் கெட்டியான ட்றில் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். அது கிழியவில்லை. அவனுடைய தோலைத்தான் கிழித்தது. உப்புத் தண்ணீரும் வெயிலும் ட்றில்லும் சேர்ந்து வள்ளத்தின் இருக்கைப் பலகையில் உராய, தொடையும் பின்பக்கமும் புண்ணாகிவிட்டன.

பங்குனி முடிகிற நேரம் அவன் கால்களை அகட்டி அகட்டி நடந்து வந்தான். யோசேப்பு சொல்லிவிட்டானாம், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் முதல் நாள் அவன் தண்டில் இருக்காவிட்டால் வேறு ஆளை ஏற்றுவேன் என்று. சோளகத்தில் இடம் போனால் அந்த வருஷமே போனமாதிரி. "முதலிலை இதிலை இரும்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். அவன் கதிரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "கதிரை வேண்டாம் அண்ணை. குந்தி இருக்கக்கூடிய துணி ஒண்டு தாங்கோ."

ஊதிப் பார்த்தோம்

அன்றைக்கு என் கடை கடையாக இருக்கவில்லை. அலுமாரியில் இருந்த கட்டுகளை எல்லாம் இறக்கினேன். துணியை வாயில் வைத்து ஊதி, மறுபக்கம் கையைப் பிடித்தால் மூச்சுப் படுகிறதா என்று தெரியும். படுகிற துணியில் காற்றுப் போகும். நான் ஊத, செல்லத்துரை கையைப் பிடித்தார். செல்லத்துரை ஊத, சவிரிமுத்து கையைப் பிடித்தான். நெடுந்தீவிலிருந்து பாவாடைத் துணிக்கு வந்த ஒரு பெண், நாங்கள் செய்வதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கட்டை எடுத்துத் தானும் ஊதத் தொடங்கினாள். பட்டுப்போல மினுங்கிய செயற்கைப் பட்டில் ஒருவருடைய மூச்சும் மறுபக்கம் வரவில்லை. தேங்காய் எண்ணெய் பூசிப் பூட்டிய கதவு போல நின்றது. லோங்குளோத் துணியில் பாதி வந்தது. மல் துணியில் எல்லோருடைய மூச்சும் தாராளமாக வந்தது. ஏதோ பெரிய வழக்கை வென்றதுபோல நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றே செல்லத்துரை தைத்துக் கொடுத்தார்.

புண் கொஞ்சம் ஆறியதும், யோசேப்பு அறியாமல், கரையோரத்தில் சின்ன வலைக்குப் போகிறவர்களோடு சவிரிமுத்து ஒருநாள் சேர்ந்து போய்ப் பார்த்தான். நான் துறையிலேயே காத்து நின்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வள்ளத்திலிருந்து மெதுவாக இறங்கி, பின்பக்கத்தைக் கையால் தட்டிக் காட்டினான். தகரம்போலச் சத்தம் கேட்டது. "கடலிலை இறங்கேக்கை துணி அண்ணை. கரைக்கு வரேக்கை அப்பளம்."

என் இடுப்பில் இருந்தது

அதே மல் துணியில் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன். தண்ணீர் கஞ்சியாகிவிட்டது. மில்லில் பூசி அனுப்புகிற பசை. நான் இத்தனை நாளும் மொரமொரப்பு, புதுசு என்று சொல்லிச் சொல்லி விற்றது இந்தப் பசையைத்தானா என்று உட்கார்ந்துவிட்டேன். பசை இல்லாத புதுத்துணிக்கு எங்கே போவது? சவிரிமுத்து தூணில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "அண்ணை, நீங்கள் காலமையிலை இருந்து இந்த வெக்கைக்குள்ளை இருக்கிறியள். நீங்கள் சொறிஞ்சு நான் ஒருநாளும் காணேல்லை. உங்கடை இடுப்பிலை என்ன கிடக்கு?" என்றான்.

என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. என் இடுப்பில் கிடந்தது என் பழைய வேட்டி. வருஷக்கணக்காகத் தோய்த்து வெங்காயச் சருகாகிப்போன வேட்டியை மனைவி கிழித்துத் தைத்துத் தருவாள். கடை நிறையத் துணி வைத்திருந்தும் அதில் ஒரு சாண்கூட என் உடம்பில் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு ஓடி, தோய்த்து மடித்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன். அவன் தொட்டுப் பார்த்தான். கண் விரிந்தது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "துணி திறம் அண்ணை. ஆனால் இன்னொரு ஆம்பிளை உடுத்த பழசை நான் உடுத்தால், என்ரை மனிசி என்னை வீட்டுப் படி ஏறவிடமாட்டாள்."

மண்கும்பானில் மயில்

புதுத்துணியாகவும் இருக்கவேண்டும், பழந்துணியாகவும் இருக்கவேண்டும். அந்த எண்ணம் வந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுத்துணியை நாமே தோய்த்துப் பழசாக்கினால் என்ன? எங்கள் ஊர்க் கிணறுகளில் உவர்நீர். அதில் தோய்த்தால் உள்ள உப்புப் போதாதென்று இன்னும் ஏறும். மண்கும்பானில் மணலுக்குள் தோண்டிய கிணறுகளில் தண்ணீர் இளநீர் போல இருக்கும். ஒரு கட்டு மல் துணியையும் நெல் அவிக்கும் கிடாரத்தையும் மனைவியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். "கடையிலை துணி விக்கிறதை விட்டிட்டு இப்ப தோய்க்கவும் வெளிக்கிட்டாச்சோ?" என்று அவள் கேட்டாளே தவிர, எனக்கு முன்னால் வண்டியில் ஏறியிருந்தது அவள்தான்.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் சனம் புதுத்துணியை அடையாளம் பிடிப்பது, கட்டின் நுனியில் மில்காரன் குத்தியிருக்கும் நீல முத்திரையைப் பார்த்துத்தான். இந்தக் கட்டில் தோகை விரித்த மயில். மயில் இருந்தால் புதுசு, அழிந்துவிட்டால் எவனோ உடுத்தது. ஆகவே கட்டு முழுவதும் நனையவேண்டும், மயில் நனையக்கூடாது. மனைவி அவித்தாள், அலசினாள், கல்லில் அடித்தாள், காயப்போட்டாள், மறுபடி அவித்தாள். நான் நுனியை மடித்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ஒவ்வொரு அலசலுக்கும் துணி கையில் இளகி வர வர, எனக்குக் கை வலி தெரியவில்லை. தண்ணீர் அள்ள வந்த ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் மனைவியிடம் கேட்டாள்: "அக்கா, தோய்க்கிறது நீங்கள். ஐயா என்ன, மயிலுக்குக் காவடி எடுக்கிறாரோ?"

சோளகம் எழும்பிய நாள்

சவிரிமுத்து துணியை வாங்கியதும் முதலில் நுனியைத்தான் பார்த்தான். மயில் இருந்தது. பிறகுதான் துணியைக் கன்னத்தில் வைத்தான். முத்திரையை வெட்டி எறியப்போன செல்லத்துரையின் கையைப் பிடித்து, "அது கிடக்கட்டும், மனிசிக்குக் காட்டவேணும்" என்றான். துணியை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் மயிலுக்குப் பின்பக்கத்தைத் தவிர வேறு இடம் அகப்படவில்லை. செல்லத்துரை அங்கேயே வைத்துத் தைத்துவிட்டார்.

ஒருநாள் காலை தெருப்புழுதி திசைமாறிப் பறந்தது. சோளகம். கடையைப் பூட்டிவிட்டுக் கரைக்கு ஓடினேன். யோசேப்பின் வள்ளத்தில் சவிரிமுத்துவின் பலகையில் ஏற்கெனவே வேறொருவன் தண்டைப் பிடித்தபடி இருந்தான். சவிரிமுத்து இடுப்பில் உடுத்திருந்த சாறத்தைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். கரையில் நின்ற அத்தனை பேரும் மயிலைப் பார்த்தார்கள். சிரிப்பு எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் ஏறி, மற்றவனை ஒரு பக்கம் தள்ளி, தண்டை வாங்கிக்கொண்டு பலகையில் இருந்தான். சிரிப்பு நின்றது. ஒரு வலி வலித்தான். முகம் மாறவில்லை. மறுபடி வலித்தான். மறுபடியும். நன்றாக அமர்ந்து, காலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து வலித்தான். வள்ளத்தின் முன் அணியத்தில் நின்ற யோசேப்பு மைத்துனனையே பார்த்தபடி இருந்தான். பிறகு மற்றவன் பக்கம் திரும்பி, "நீ இறங்கு ராசா" என்றான். "மயில் இருந்திட்டுது."

கரை முழுக்க

மத்தியானம் வள்ளம் திரும்பியபோது சவிரிமுத்து எல்லோரையும் போல நடந்து வந்தான், கையில் எனக்கு ஒரு பெரிய பாரை மீனோடு. மறுநாள் கடை திறக்க முன்னமே வாசலில் தண்டுக்காரர் கூட்டம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பசை என்றால் என்ன, உவர்நீர் ஏன் ஆகாது, எத்தனை தரம் அவிக்கவேண்டும், ஏன் மல் துணி என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். துணியை வாயில் வைத்து ஊதியும் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு துணியை அறிந்துவிட்டேன், அதை நாலு பேருக்குச் சொல்லவும் செய்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நான் முடித்ததும், முன்னால் நின்ற கிழவர் தலையை ஆட்டினார். "ஓம் தம்பி, எல்லாம் விளங்குது. துணி எதெண்டாலும் பரவாயில்லை, எங்களுக்கும் பின்னாலை மயில் வரவேணும்."

வெயிலுக்கும் உப்புக்கும் இதமான துணியை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன், ஒரு கட்டுக்கு ஒரு மயில்தான் வரும் என்பதை இந்தக் கரைக்கு எப்படி விளங்கவைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.