லாஞ்சுக்குப் பயந்து கொழும்பு போனவர்

முப்பது வருஷமாக ஒரு மனுஷர் கொழும்புக்குக் கப்பல் டிக்கெட் விற்கிறார் என்றால், அவர் ஒரு தடவையாவது கொழும்பைப் பார்த்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனைக்கும் பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துவிட்டு வந்த மண்டை.

அப்பா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் டிக்கெட் கிளார்க். கம்பிக்கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டிக்கெட்டோடு சேர்த்து உபதேசமும் கொடுப்பார். அதற்குக் காசு கிடையாது.

"எலுமிச்சம்பழம் ஒண்ணு மடியில வச்சுக்கிடுங்க. மோந்துக்கிட்டே இருக்கணும். கண்ண மூடப்படாது, தூரமாப் பாக்கணும். வயித்த வெறுமையாப் போடப்படாது, என்ன?"

கொழும்பில் இறங்கினால் எந்தத் தெருவில் நல்ல இடியாப்பம், எந்தக் கடைக்காரன் தலையில் மிளகாய் அரைப்பான், எல்லாம் அத்துப்படி. திரும்பி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த சரக்கு அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அம்பத்தஞ்சு வயது ஆயிற்று, ரிட்டயர் ஆனார். மற்றவர்களுக்கெல்லாம் ஆபீஸில் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் விசேஷமாக, அவருக்கும் அம்மாவுக்கும் கொழும்பு போய்வர இரண்டு டிக்கெட். மாலை போட்டு, கைதட்டி, கையில் கொடுத்தார்கள். ஈஸ்டர் வரைக்கும் செல்லும். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அழுதாள். அப்பாவின் முகம் மட்டும் நாலு நாள் வெயிலில் கிடந்த கருவாடு மாதிரி ஆகிவிட்டது. பிரிவு உபசார வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அழுததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா, என் பெரியம்மா, கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனவள். நடுவில் உலகச் சண்டை வந்து போக்குவரத்து கெட்டுப்போயிற்று. இப்போது பெரியம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இன்னொன்றும் மங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"எங்கக்கா கண்ணுல வெளிச்சம் இருக்கயில என் மூஞ்சிய ஒரு தடவ பாத்துரணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். இவ்வளவுதான் அவள் ஆசை. நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா?

ஆனால் டிக்கெட் மாதா படத்துக்குப் பின்னால் சொருகினது சொருகினபடி இருந்தது.

ரிட்டயர் ஆன மனுஷர் வீட்டில் இருப்பது என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். குசினிக்குள் வந்து மல்லி டப்பாவையும் மிளகு டப்பாவையும் உயரவாரியாக அடுக்குவார். மீன்காரியிடம் ரசீது கேட்பார். மீன்காரி, "ஐயா, நீங்க மறுபடி ஆபீசுக்கே போயிருங்க, நான் வேணும்னா சம்பளம் தாரேன்" என்று கும்பிட்டாள். சாயங்காலமானால் கடற்கரை ரோட்டில் ரிட்டயர்டு கோஷ்டி. ஏலக்கடையில் மீனை எடுத்துப் போடுகிற மாதிரி ஒவ்வொருவரும் தன் நோயை எடுத்துப் போடுவார்கள். ஒருத்தர் மூட்டுவலி என்றால் அடுத்தவர் மூலம் என்பார். அதற்கு மேலே ஒருத்தர் சர்க்கரை என்பார். அப்பா வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். நோய் சேகரிக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கிற்று.

ஏனென்றால் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு நோய் வந்தது. முதல் கப்பலுக்கு முழங்கால். அடுத்ததற்கு நெஞ்செரிச்சல். அம்மை குத்தினால்தான் கப்பலில் ஏற்றுவார்கள் என்பதால் நாங்கள் மூன்று பேரும் போய்க் குத்திக்கொண்டோம், துணைக்கு நானும். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பா கையைத் தூளியில் கட்டிக்கொண்டு இரண்டு கப்பலை ஓட்டினார். அப்புறம் வாடைக்காற்று. அப்புறம் பிளட் பிரஷர்.

பிரஷர் என்றதும் நான் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பட்டையைக் கட்டி, பம்ப் அடித்துப் பார்த்து, "கொஞ்சம் கூடத்தான் இருக்கு" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பயணம் கியணம் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருங்க டாக்டர்."

"சேச்சே. உங்களுக்குக் கடல் காத்துதான் மருந்து. எங்கயாவது கப்பல்ல ஜாலியாப் போயிட்டு வாங்களேன்."

அப்பா திரும்பும் வழியெல்லாம் அந்த டாக்டரின் படிப்பைப் பற்றிச் சந்தேகம் தெரிவித்துக்கொண்டே வந்தார்.

வாடை ஓய்ந்து கடல் கண்ணாடி மாதிரி ஆனபோது ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள், தவசுகாலம் வந்துவிட்டது. "தவசுல போயி உல்லாசப் பயணமா? ஆண்டவர் பொறுப்பாரா?" என்றார். ஈஸ்டர் வந்தால் டிக்கெட் செத்தது. அம்மா மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். உடன்பிறந்தவளைப் பார்க்கப் போவது புண்ணியம் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அப்பா, படிப்பில் சந்தேகமுள்ளவர்கள் பட்டியலில் டாக்டரோடு சாமியாரையும் சேர்த்துக்கொண்டார்.

இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தட்டுப்பட்டது. மாமாவைப் பிடித்தேன். மாமா அம்மாவின் தம்பி, சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் மூச்சடக்கத் தெரிந்த ஆள். ஆனால் வாயை அடக்கத் தெரியாது.

"ஏளா, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பு வந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார். "அத்தானுக்குக் கடலு ஆகாது. சின்னப் புள்ளையில அவுக அய்யா வள்ளத்துல ஏத்திக் கொண்டு போனாரு. கரை மறையல, அதுக்குள்ள கொடலே வெளிய வந்துட்டு. மறுவாரமும் அதே கத. 'இவன் கடலுக்கு ஒதவமாட்டான், பள்ளிக்கூடத்துல போடு'ன்னுட்டாரு. அத்தான் படிச்சது வாந்தியால. உத்தியோகம் வாந்தியால. நீ காலேஜ் போனியே, அதுவும் அந்த வாந்தியாலதான்ளா!"

கடல்கரைச் சாதியில் பிறந்து, கடலைப் பார்த்தே சம்பாதித்து, கடலில் கால் வைக்காத மனுஷர்! நான் சிரித்தேன். அப்புறம் அம்மா முகம் ஞாபகத்துக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

படித்தவள் இல்லையா, திட்டம் போட்டேன். நேரே அப்பாவிடம் போய், "எல்லாம் தெரியும். பழகினா சரியாப் போகும்" என்றேன். முதலில் மாமாவைத் திட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எப்படிப் பழகுறது?" என்றார், மெதுவாக.

விடியற்காலையில் கரையோரம் கட்டிப்போட்டிருக்கும் மாமாவின் சிநேகிதர் தோணியில் ஏறி உட்கார்வது என்று ஏற்பாடு. அப்பா தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, தோணி நடுவில் உட்கார்ந்திருப்பார். தோணி ஒரு விரற்கடை ஏறும், ஒரு விரற்கடை இறங்கும். அப்பா முகம் பச்சையாகும்.

"தூரமாப் பாருங்கப்பா."

"தூரமும் ஆடுதுளா!"

துண்டு போட்டு என்ன பிரயோசனம்? ஊரே அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தது. வலைக்காரர் ஒருத்தர் நின்று, "என்ன வே, கொழும்பு தெரியுதா?" என்று கேட்டார். அத்தோடு பயிற்சி முடிந்தது.

கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து சின்னக் கடலைத் தாண்டினால் தலைமன்னார். பிறகு மறுபடி ரயில். ஒரு தூக்கம் போடுவதற்குள் கரை வந்துவிடும். வாந்தி எடுக்க நேரமே கிடையாது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "என்ன சொன்ன? தூத்துக்குடிக்காரன் தனுஷ்கோடி வழியாக் கொழும்புக்குப் போறதா? முப்பது வருஷம் எதுத்தாப்ல வந்தவனையெல்லாம் 'அந்த வழி போவாதீரும், நம்ம கப்பல்ல போரும்'னு சொன்ன வாயி இது! என் டிக்கெட்ட எடுத்து அடுப்புல போடு!"

நீச்சல் தெரியாதவனுக்கு இருக்கிற ரோஷம் மீனுக்குக்கூடக் கிடையாது.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "கல்யாணமாகி மறுமாசம் மணப்பாட்டுத் திருவிழாவுக்குத் தோணியில போவம்னு வீட்ல எல்லாரும் சொன்னாவ. இவுக வயித்துவலின்னு படுத்துக்கிட்டாவ. அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்கக்காளுக்குக் கண்ணு காத்துக்கிட்டு இருக்காது. நானும் மகளும் போறோம். நீங்க வீட்ல இருந்து டப்பாவ அடுக்குங்க."

 நான் உள்ளே ஓடிப்போய்ப் புதுச்சேலை நாலையும் பெட்டியில் வைத்தேன். கொழும்பு! டிக்கெட்டை என் பெயருக்கு மாற்றுவதை மட்டும் அப்பா, "அதுக்கென்ன, நம்ம ஆபீசுதான, அன்னைக்கே மாத்திக்கிடலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம். போய்விட்டு அதற்குள் திரும்ப வேண்டுமானால் இதுதான் கடைசிக் கப்பல். எங்கள் ஊர்க் கடலில் ஆழம் கிடையாது. கப்பல் கரைக்கு வராது. சில மைல் தள்ளி, விரல் அளவுக்குத் தெரியும்படி நிற்கும். கடல்பாலத்திலிருந்து லாஞ்சு என்கிற சின்ன விசைப்படகில் ஏறி, அதுவரைக்கும் போய், பக்கத்தில் தொங்குகிற ஏணியில் ஏற வேண்டும். அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வழியனுப்ப வந்திருந்தார். ரிட்டயர் ஆன நினைப்பே இல்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் எலுமிச்சம்பழ உபதேசம்.

நான் முதலில் லாஞ்சில் குதித்தேன். அம்மா ஒரு காலை எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து லாஞ்சு ஒரு முழம் கீழே இறங்கிற்று. அம்மா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகல. வேண்டாம். என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

அவ்வளவுதான், முடிந்தது. மாமா மேலே நின்று, "அக்கா, ஏறுக்கா, ஒண்ணும் செய்யாது" என்று கத்துகிறார். லாஞ்சுக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தயாராகிறார். பெரியம்மாவின் கண் எங்கோ ஒரு திசையில் மங்கிக்கொண்டிருக்கிறது.

அப்பா கடலைப் பார்த்தார். லாஞ்சைப் பார்த்தார். கோட்டில் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு டிக்கெட் கூண்டுக்குள்ளிருந்து பேசுகிற குரலில் சொன்னார். "பயப்படாத. கப்பல் வரைக்கும் நான் வாரேன். ஏத்தி விட்டுட்டு இதே லாஞ்சுல திரும்பிருதேன்."

இறங்கினார். என் அப்பா, கடலில், சொந்தக் காலால்!

அப்புறம் நடந்ததை நாகரிகமாகச் சொல்ல வழியில்லை. லாஞ்சு பாலத்தை விட்டு விலகுவதற்குள் ஆரம்பித்தார். கப்பல் வரும்வரை நிறுத்தவில்லை. எலுமிச்சம்பழம் போன இடம் தெரியவில்லை. அம்மா அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிவிட்டு, "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தான் பயந்த விஷயத்தையே மறந்துபோனாள். கூட வந்த பிரயாணிகளில் ஒருத்தர், "சார்தான நமக்குக் கண்ண மூடப்படாதுன்னு சொன்னது?" என்று பக்கத்து ஆளிடம் விசாரித்தார்.

கப்பல் ஏணியைக் கண்டதும் அப்பா அதில் ஏறின வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிரஷர், முழங்கால் ஒன்றும் காணோம். நானும் அம்மாவும் பின்னால் ஏறி வருவதற்குள் மேல்தட்டில் போய் நின்று, காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"ஏளா! இது ஆடவே இல்லியே! வீடு மாதிரில்லா இருக்கு!"

நங்கூரம் போட்ட கப்பல், காற்றில்லாத நாள், எப்படி ஆடும்? கீழே லாஞ்சுக்காரர் திரும்புவதற்காகச் சத்தம் கொடுத்தார். அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். லாஞ்சு ஏறிற்று. இறங்கிற்று. மறுபடி ஏறிற்று. அப்பா நிமிர்ந்தார்.

"நான் எறங்கமாட்டேன்."

"அப்பா, அது என் டிக்கெட்டு!"

"பேரு யாரு பேருல இருக்கு?"

அவர் பெயரில்தான் இருந்தது. அம்மை குத்தின சீட்டு கோட்டுப் பையிலேயே இருந்தது. ஏஜெண்டு ஆபீஸ் ஆள் இரண்டையும் வாங்கிப் பார்த்து, என்னையும் பார்த்து, பாவம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் அதே லாஞ்சில், உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டு, தன்னந்தனியாகத் திரும்பினேன். பெட்டியைக் கேட்க மறந்துபோனேன். என் நாலு புதுச்சேலையும் கொழும்புக்குப் போயிற்று. அப்பாவுக்கு ஒரு மாற்றுவேட்டிகூடப் போகவில்லை.

போன வாரம் மாமா ஒரு தோணிக்காரரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். கொழும்பில் கருப்பட்டி விற்றுவிட்டுத் திரும்பினவர். பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். நடுக்கடலில் கப்பலும் நன்றாக ஆடிற்றாம். அப்பா கவிழ்ந்து படுத்தவர் கொழும்பில்தான் எழுந்தாராம். கேட்டால், நல்ல தூக்கம் என்று சொல்கிறாராம்.

"பெரியம்மாவுக்குக் கண்ணு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன! வாசல்ல வெளிச்சத்துக்கு இழுத்துக் கொண்டு போயி, உங்கம்மா மூஞ்சிய ரெண்டு கையிலயும் புடிச்சு, கிட்டக்க வச்சுப் பாத்தாவளாம். பாத்துட்டு, 'ஏளா, என்ன இப்படிக் கறுத்துப் போயிட்ட'ன்னாவளாம். அதுல ரெண்டு பேருக்கும் சண்ட. அன்னைலேருந்து பேசி முடியல."

"அப்பா என்ன செய்யுதாரு?"

"உங்க பெரியப்பாவோட கைலியக் கட்டிக்கிட்டு, காலையிலயும் சாயங்காலமும் கடக்கரையில நடக்காரு. அங்கனயும் ஒரு கோஷ்டி சேத்துட்டாரு. தூத்துக்குடிக்கு எப்படிப் போணும்னு எல்லாத்துக்கும் சொல்லிக் குடுக்காரு. திரும்புறதப் பத்திக் கேட்டா மட்டும், தூத்துக்குடியிலயும் லாஞ்சுலதான எறங்கணும்ங்காரு."

தனுஷ்கோடி வழியாக வரலாமே என்று அம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாளாம். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லையாம்.

ஈஸ்டர் நாளைக்கு, திரும்பி வர டிக்கெட்டும் அதோடு செத்தது. அப்பா இன்னும் கொழும்பில் இருக்கிறார், இங்கே நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் உலை பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருக்கிறது.