மடியில் இரவுச் சாப்பாடு

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு நிற்கிறது. தீவில் நான் தங்கப்போகும் விடுதியில், சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே காசு கட்டச் சொல்கிறார்கள். பசித்தால் கடையில் சாப்பிடலாமே என்று யோசிக்கிறேன். மரக்கறிப் பையோடு பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் விடுதியின் பெயரைச் சொல்லி, அங்கே பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கிறதா என்று கேட்கிறேன்.

"கடை இருக்கு. ஆனால் முதலே சொன்ன ஆக்களுக்குத்தான் இரவிலை சமைப்பினம். அந்த விடுதியிலை சமைக்கிறது நான்தான். இந்தப் பையிலை உங்களுக்கு ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் இப்பவே சொல்லுங்கோ. படகு வெளிக்கிட்டால் ஏலாது."

வேணும் என்கிறேன். அவர் இறங்குதுறைக் கடைக்குப் போய் ஒரு பூசணித் துண்டோடு வருகிறார்.

"பை நிரம்பீட்டுது. இதை நீங்களே பிடியுங்கோ."

படகு அலையில் எழுந்து விழுகிறது. மற்றவர்கள் கம்பியைப் பிடிக்கிறார்கள். நான் பூசணியைப் பிடித்திருக்கிறேன்.