மகன் முன்னிலையில்

"நோயாளியின் மொழியை மருத்துவர் அறியாதவிடத்து, நினைவாற்றற் பரிசோதனை நோயாளியின் நெருங்கிய உறவினர் ஒருவர் முன்னிலையிலேயே நடத்தப்படல் வேண்டும்." மலாயாவில் நான் ஆய்வுகூட உதவியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனநோய் மருத்துவமனையின் விதிப்புத்தகத்தில் இது இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சென்ற வாரம் அரிசிப் பங்கீட்டு அட்டை புதுப்பிக்கப் போனபோது இந்த விதி நினைவுக்கு வந்தது. சீன எழுத்தர் என் மனைவியிடம் கணவன் பெயரைக் கேட்டார். முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் இருப்பவள், முழங்கையால் என் விலாவில் இடித்தாள். பெயரை நான் சொன்னேன். எழுத்தர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். ஊரில் மரியாதை, இங்கே குறைபாடு. வரும் வழியில், "உவருக்கென்ன விசரே? பக்கத்திலை ஆள் நிக்குது, உங்களைக் கேக்கலாம்தானே!" என்றாள்.

பாக்கியத்தம்மாளுக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்து இணுவிலில், வயல் செய்த கமக்காரக் குடும்பத்து விதவை. ரயில்வேயில் எழுத்தராக இருந்த மகன் கந்தையா, தாயைத் தன்னோடு வைத்திருக்க அழைத்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டவர் வழி தவறித் தண்டவாளத்தோடு நடந்துவிட்டார். ஊரில் வேலியோடு நடந்தால் எப்படியும் தெரிந்த ஒருவர் வீட்டு வாசற்படலை வரும். தண்டவாளத்துக்குப் படலை கிடையாது. பொலிசார் பிடித்து எங்களிடம் கொண்டுவந்தார்கள். மகன் அப்போது வேலையாக வெளியூர் போயிருந்தார்.

எங்கள் மருத்துவரான வெள்ளைக்காரத் துரை அக்காலத்தில் அல்ஸ்ஹைமர் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளையில் கறைகள் படிந்து நினைவு அழியும் நோய். ஆசியருக்கும் அது வரும் என்று நிறுவிவிட்டால் லண்டனில் பேராசிரியர் பதவி நிச்சயம். இறந்தவர்களின் மூளையை மெல்லியதாகச் சீவி, வெள்ளி உப்பில் தோய்த்து, கறைகளைக் கறுப்பாகக் காட்டுவது என் வேலை. தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளனும் நானே. கட்டுரையில் என் பெயரும் வரும் என்று துரை சொல்லியிருந்தார்.

மகன் வரும்வரை காத்திராமல் துரை பரிசோதனையைத் தொடங்கினார். இது எந்த ஆண்டு என்பது முதற் கேள்வி.

"தாது வருஷம். மார்கழி பிறந்து ஆறு நாள்."

பஞ்சாங்கப்படி சரி; துரை எதிர்பார்த்தது 1936. படிவத்தில் பிழை என்று ஒரு கோடு விழுந்தது. அடுத்தது, அரசர் யார்?

"போன மாசம் ஒருத்தர், இந்த மாசம் வேறை ஒருத்தராம். ஒராள் நிலையா இருந்தாச் சொல்லும் தம்பி, பாடமாக்கிறன்."

அந்த ஒரே ஆண்டில் லண்டனில் மூன்றாவது அரசர் அரியணையில் இருந்தார். அதுவும் பிழை. பிறகு கணவன் பெயர். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன கண்டறியாத கேள்வி! அதை நான் சொல்லுறதோ? மகன் வரட்டும், அவனைக் கேளும். உந்தத் துரைக்கு வீட்டிலை பொம்பிளையள் இல்லையோ?"

துரை என்னைப் பார்த்தார். "மகனைக் கேட்கச் சொல்கிறார்" என்றேன். மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளன் தன் கருத்தைச் சேர்க்கலாகாது என்றும் ஒரு விதி உண்டு. எனக்கு வசதியான விதிகள் எனக்கு எப்போதும் மனப்பாடம். துரை எழுதினார்: கணவன் பெயர் முற்றாக மறந்துவிட்டது.

மறுநாள் விறாந்தையில் பாக்கியத்தம்மாள் என்னை நிறுத்தினார். "நீர் வட்டுக்கோட்டையெல்லோ? கதையிலை தெரியுது, முகமும் அப்புவை உரிச்சு வைச்சிருக்கு. உம்மடை அப்புவின்ரை தங்கச்சியை எங்கடை ஊரிலைதானே கட்டிக் குடுத்தது. கலியாணத்தண்டு பாயாசம் அடிப்பிடிச்சுப் போச்சு." நான் பிறக்க முன்னர் நடந்த கலியாணம் அது. பாயாசம் அடிப்பிடித்தது உண்மை. "மகன் வந்தவனோ, தம்பி? எப்ப என்னை ஊருக்கு விடப்போறியள்?"

ஒன்பதாம் நாள் கந்தையா வந்தார். விதியை மேற்கோள் காட்டி, மகனாகிய என் முன்னிலையில் மீண்டும் பரிசோதியுங்கள் என்று அவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். மூன்று பிரதிகள், உரிய வழியாக.

"அண்ணை, அம்மாவை எப்ப விடுவினம்?"

"மறுமொழி வந்த உடனை."

துரையின் அறை இருபது அடி தூரத்தில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் மனுவை நம்பினேன்; அல்லது, நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பங்குனியில், நோயாளர் விடுதியில் பரவிய வயிற்றோட்டத்தில் பாக்கியத்தம்மாள் இறந்தார். பிரேதத்தைக் கந்தையாவிடம் கொடுத்தோம். மூளையை எடுத்துவைத்ததை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான்.

ஆறு வாரம் சீவிச் சீவிப் பார்த்தேன். கறை ஒன்றுகூட இல்லை. அன்றுதான் துரையிடம் போய் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். "அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் சொன்னவற்றில் நான் மறுக்க முடியாதது அது ஒன்றுதான். மூளை இருந்த சாடியோடு அவர் லண்டனுக்குக் கப்பலேறினார். கட்டுரை வெளிவந்தது. அதில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தன் கணவன் பெயரை மறந்திருந்தாள். அவளுடைய மூளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நன்றி கூறும் இடத்தில் என் பெயர் இருந்தது.

கந்தையா சாம்பலோடு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஜப்பான்காரர் வந்தார்கள், போனார்கள். பழைய கோப்புகளைத் தூசி தட்டிய புதிய அதிகாரி ஒருவர், மனு எழுதிய பத்தாவது ஆண்டில், அதை எழுதியவன் என்ற முறையில் எனக்கு மறுமொழி அனுப்பினார். மனு ஏற்கப்பட்டது, மகன் முன்னிலையில் மறுபரிசோதனை செய்யலாம், நோயாளியை நேரில் கொண்டுவருக.

எங்கிருந்து கொண்டுவருவது? சாம்பல் ஊரில், கீரிமலைக் கடலில். மூளை லண்டனில் ஏதோ ஒரு தட்டில். எஞ்சிய சில சீவல்கள், கண்ணாடித் தகடுகளுக்கிடையில், என் மேசை லாச்சியில்.

கடிதம் கிடைத்த திகதியை அதன் மேல் குறிக்க வேண்டும் என்பது விதி. அவருக்குப் பிழை போட்ட முறையிலேயே குறித்தேன்: விய வருஷம், வைகாசி மாதம், மூன்றாந் திகதி.