அண்ணியின் மடியில் இருந்த பீஸ்கட்டை

விழுப்புரத்தில் என் அலுவலக மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு பீஸ்கட்டை கிடக்கிறது. வெள்ளைப் பீங்கான். ஓரத்தில் கொஞ்சம் உடைந்திருக்கும். இரண்டு பக்கமும் பித்தளைப் பல், நடுவில் ஒற்றைக் கம்பி. வயல் மோட்டாருக்குக் கரண்ட் வரும் பலகையில் இந்த மாதிரி மூன்று செருகியிருப்பார்கள், பிடுங்கிவிட்டால் மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது. அந்த மூன்றில் ஒன்று இது. குண்டூசி தேடுகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, பேப்பர் பறக்காம வைக்கவா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். வேறு என்னத்தைச் சொல்வது? இது என் அண்ணியின் மடியில் இருந்த பொருள். அவர் உயிரோடு இருந்தவரை கிணற்றில் இறங்கும்போதெல்லாம் மூன்றையும் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வார். நடந்தால் கடக் கடக் என்று சத்தம் கேட்கும்.

மயிலத்திலிருந்து உள்ளே போகிற கிராமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவன். நிலத்தைப் பார்த்தது அண்ணன்தான். அண்ணன் மாரடைப்பில் போனபிறகு, என் பங்கையும் சேர்த்துப் பார்த்தது அண்ணி. மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை, கேப்பை, ஒரு மூலையில் கத்தரி. ஒத்தை ஆளாக நின்றார், மகள் மயிலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஞாயிற்றுக்கிழமை சட்டை மடிப்புக் கலையாமல் வரப்பில் நின்று யோசனை சொல்லிவிட்டு, மூட்டை மல்லாட்டையோடு ஊர் திரும்புவேன். "எங்க கொழுந்தனாரு வாயாலயே நாலு ஏக்கர் உழுதுடுவாரு" என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய்யில்லை.

கிணறு பழைய வெட்டுக் கிணறு. மோட்டார் மேலே இல்லை, பத்துப் படி கீழே இறங்கினால் ஒரு மேடையில் உட்கார்ந்திருக்கும். பலகையும் ஸ்டார்ட்டரும் மேலே கொட்டகைக்குள். மோட்டார் அண்ணன் காலத்தது. ஓடும்போது ஈரக்கையோடு தொட்டால் சுரீர் என்று இழுக்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் போகம் முடியட்டும், கழற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்வோம் என்று ஒவ்வொரு போகத்திலும் சொன்னவனே நான்தான். அடிக்கடி பம்பில் தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் சும்மா சுற்றும். அப்போது நிறுத்திவிட்டு, இறங்கிப்போய் பம்புக்குள் குடத்தால் தண்ணீர் ஊற்றவேண்டும். அதற்குத்தான் பீஸ்கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு இறங்குவது. "இது என் மடியில இருக்கற வரைக்கும் எமனே வந்தாலும் மோட்டாரைப் போட முடியாது தம்பி" என்பார் அண்ணி.

வயல் கரண்ட் எந்த நேரத்தில் வரும் எப்போது போகும் என்று யாராலும் சொல்லமுடியாது. விடியுமுன் எழுந்து, பாம்புக்குப் பயந்து தடியைத் தட்டிக்கொண்டே கொட்டகைக்கு நடப்பார். வந்திருக்காது. திரும்புவார். மறுபடி நடப்பார். இதைப் பார்த்துத்தான் திண்டிவனத்தில் ஒரு பம்புசெட் கடையில் அந்தப் பெட்டியை வாங்கினேன். செல்போன் ஸ்டார்ட்டர் என்பார்கள். உள்ளே ஒரு சிம்மும், கரண்ட் போனாலும் பேசுவதற்கு ஒரு பேட்டரியும் இருக்கும். எங்கிருந்து வேண்டுமானாலும் அதற்குப் போன் போட்டு ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். என்ன ஆனாலும் ஒரு பெண் குரல் நல்ல தமிழில் நமக்குச் சொல்லும், செய்தியும் அனுப்பும். அண்ணியின் எண்ணையும் என் எண்ணையும் அதில் ஏற்றினேன்.

அண்ணி ஒரேயடியாக எதிர்த்தார். ஒரு மாதம் அந்தச் சண்டை ஓடியது. ஞாயிறு தவறாமல் வாசலில் உட்கார்ந்து வாதாடுவோம். பக்கத்து நிலத்துக்காரரும் வந்து சேர்ந்துகொள்வார், யார் பேசினாலும் அவர்களுக்குத் தலையாட்டுவார். "ஆளு கண்ணுல படாம ஓடுற மெஷினு இன்னாத்துக்கு தம்பி? நான் கெணத்தாண்ட இல்லாதப்ப ஓடினா யாரு பாக்கறது? நான் இருக்கறப்ப ஓடினா எனக்கு எதுக்குப் போனு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "அண்ணி, உலகமே இப்ப இதுலதான் ஓடுது. நீங்க மட்டும் தடியைத் தட்டிக்கினு இருங்க" என்றேன். "உலகம் ஓடட்டும், யாரு வேணாம்னா? அது எங்க கெணத்துல வந்து எறங்கப் போவுதா?" என்றார். இன்றைக்கு யோசித்தால், அவர் கேட்ட கேள்வி எதற்கும் நான் பதில் சொல்லவே இல்லை. பாம்பைச் சொன்னேன், மழையைச் சொன்னேன், அவர் முட்டிவலியைச் சொன்னேன். அக்கறையில்தான் சொன்னேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜெயிக்கவேண்டும் என்ற வீம்பும் இருந்தது. படித்தவன் அல்லவா.

ஜெயித்தும் விட்டேன். ஒரு அடைமழைக் காலை, அடுப்படியில் உட்கார்ந்தபடியே மோட்டாரை நிறுத்திப் பார்த்த அண்ணிக்கு அந்தப் பெட்டியின் மேல் ஆசை வந்துவிட்டது. அதில் பேசுகிற பெண்ணுக்கு டவுன்காரி என்று பெயர் வைத்தார். "மோட்டார் இயங்குகிறது. நன்றி" என்று அது சொன்னால், "சரிம்மா, நல்லா இரு" என்று பதில் சொல்வார். "பாவம், யாரு பெத்த பொண்ணோ, நாள் பூரா நம்ம மோட்டாருக்குக் காவல் காத்துக்கினு கீது" என்பார். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். பக்கத்து நிலத்துக்காரரிடம் அண்ணியே பெட்டிக்காக வாதாட ஆரம்பித்தார், அதுவும் நான் சொன்ன அதே வார்த்தைகளில். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. கிணற்றில் இறங்கினால் பீஸ்கட்டையைப் பிடுங்குவார். பிடுங்கிய மறுநொடி பெட்டி என்னைக் கூப்பிடும்: "மின்சாரம் துண்டிக்கப்பட்டது." கோப்பு எழுதிக்கொண்டிருப்பேன், துண்டிக்கப்பட்டது. மேலதிகாரி முன் நின்றுகொண்டிருப்பேன், துண்டிக்கப்பட்டது. ஒரே நாளில் நான்கு முறை வந்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஞாயிறு போய்ச் சொன்னேன். "அண்ணி, ஒரே பேஜாரா இருக்குது. சும்மா சும்மா பீஸைப் புடுங்காதீங்க. போன்ல ரெண்டை அமுக்கினா நின்னுடும். அதுவே போதும்."

"போதுமா தம்பி?" என்று கேட்டார்.

"போதும் அண்ணி."

யார் சொல்லியும் கேட்காத மனுஷி நான் சொன்னதைக் கேட்டார். அதன்பிறகு அந்த மூன்றும் பலகையிலேயே இருந்தன.

மல்லாட்டை விழுது மண்ணில் இறங்குகிற சமயம் அது. மழை ஏமாற்றிவிட்டது, ஒரு தண்ணீர் கொடுத்தே ஆகவேண்டும். அன்று முற்பகல் அலுவலகத்தில் தேநீர் வந்திருந்தது. வருகைப் பதிவைச் செல்போனில் முகத்தைக் காட்டிப் போடவேண்டும் என்று உத்தரவு வந்திருந்த வாரம். எங்கள் கண்காணிப்பாளர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "மெஷினுக்குக் கண்ணு இருக்குதாய்யா? நான் உயிரோட நிக்கறேனா செத்துக் கெடக்கறேனான்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். நான் வழக்கம்போல் மெஷின் கட்சி. அப்போது என் போனில் செய்தி வந்தது: மோட்டார் நிறுத்தப்பட்டது. எந்த எண்ணிலிருந்து என்று கீழே இருந்ததை நான் படிக்கவில்லை. கரண்ட் ஏறி இறங்கித் தானாக நின்றிருக்கும், அண்ணி கடைசி வரப்பில் இருப்பார், தெரிந்திருக்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். எனக்கு நல்ல சாட்சி கிடைத்தது, அவ்வளவுதான். "இங்க பாருங்க சார், விழுப்புரத்துல உக்காந்துக்கினு மயிலத்துல மோட்டார் போடறேன்" என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து ஒன்றை அமுக்கினேன்.

"மோட்டார் இயங்குகிறது. நன்றி" என்றாள் டவுன்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். கண்காணிப்பாளர், "சரிப்பா, நீ ஜெயிச்சே" என்று தேநீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். சூடாக, இனிப்பாக இருந்தது. பாதி குடித்திருக்கும்போது பெட்டி மறுபடி கூப்பிட்டது. "மின்சாரம் துண்டிக்கப்பட்டது." நான் அலுத்துக்கொண்டேன். "பாத்தீங்களா, எங்க அண்ணி மறுபடியும் பீஸைப் புடுங்கிட்டாங்க. எவ்ளோ சொன்னாலும் கேக்கமாட்டாங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிடுங்கியது அண்ணி இல்லை. பக்கத்து நிலத்துக்காரர். அடுத்த போன் அவருடையதுதான். "சார், ஜல்தி வாங்க சார். அண்ணி கெணத்துக்குள்ள... நான் பீஸைப் புடுங்கிட்டேன் சார், ஆனா அண்ணி பேசலை சார்" என்று அழுதார்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் வரிசையில் நின்றது. வாகனங்கள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. பம்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அண்ணி போனில் இரண்டை அமுக்கி மோட்டாரை நிறுத்தியிருக்கிறார். அண்ணி குடத்தோடு இறங்கி, ஈரக்கையோடு பம்பின் மூடியைத் திறந்திருக்கிறார். மடியில் ஒன்றும் இல்லை. போதும் அண்ணி என்று நான் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். பக்கத்திலிருந்தவர், பித்தம் போலிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணியை வரப்பில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் மூன்று பீஸ்கட்டைகளையும் என் கையில் திணித்தார். இரண்டு எங்கே போயினவோ தெரியாது. ஒன்று சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது.

சாவு வீட்டில் ஊரே மெஷினைப் பற்றி வாதாடியது. பெட்டி தானாகப் போட்டுவிட்டது என்றது ஒரு கட்சி. போன கரண்ட் திரும்பி வந்திருக்கும், அப்படித்தான் ஆகும் என்றது இன்னொரு கட்சி. பீஸைப் பிடுங்காமல் யாராவது இறங்குவார்களா என்று அண்ணியின் மேலேயே பழியைப் போட்டார்கள் சிலர். விசாரிக்க வந்தவர்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். யார் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. மெஷின் போட்டது என்றால் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில், வாழ்நாளெல்லாம் வாயாலேயே உழுத நான், வாயைத் திறக்கவில்லை. அண்ணியின் மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் தலையைத் தடவிய கை எந்தக் கை என்று எனக்குத் தெரியும். சீ, என்ன பிறவி நான்!

இப்போது அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். நிலத்தைப் பக்கத்து நிலத்துக்காரர், விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்குச் செய்கிறார். மோட்டாரையும் பலகையையும் புதிதாகப் போட்டாள். பெட்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டாள், என் எண்ணையும் அதிலிருந்து எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன தெவசத்துக்கு அவள் ஊருக்கு வந்திருந்தாள். படையல் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, இனிமேல் தாங்காது என்று, எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன். தேநீர், கண்காணிப்பாளர், ஸ்பீக்கர், கைதட்டல், எதையும் விடவில்லை. அவள் கையிலிருந்த இலையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தெரியும் சித்தப்பா" என்றாள். "அம்மா போனு கொட்டகையிலதான் இருந்துச்சு. உங்க நம்பர்ல இருந்து மோட்டார் போட்டதா மெசேஜ் வந்திருந்துச்சு. பதினாறாம் நாளே பாத்துட்டேன்."

"ஏம்மா கேக்கலை?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்க. அப்புறம் எனக்குன்னு யாரு சித்தப்பா இருக்கா?"

இலையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். மறுநாள், கூடவே எடுத்துப் போயிருந்த பீஸ்கட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினேன். பார்த்தாள், தொடவில்லை. "உங்களாண்டயே இருக்கட்டும்" என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை போன் செய்து, சாப்பிட்டீங்களா சித்தப்பா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. சென்னையிலிருந்து மோட்டாரைப் போட்டிருக்கிறாள். "மோட்டார் இயங்குகிறது. நன்றி." நன்றியாம்! அந்தக் குரல் வந்தால் நான் செய்கிற முதல் வேலை பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிடுவதுதான். "வரப்புலதான் சார் நிக்கறேன்" என்பார், என் பைத்தியம் அவருக்குப் பழகிவிட்டது. பிறகு இழுப்பறையைத் திறந்து பீஸ்கட்டையை எடுப்பேன். மோட்டார் நின்றது என்று டவுன்காரி சொல்லும்வரை, சில நாட்களில் இரண்டு மணி நேரம், சில நாட்களில் மூன்று, ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கோப்பு எழுதுகிறேன். ஊரில் புதுப் பலகையில் வேறு மூன்று இருக்கின்றன. என் கையில் இருப்பதைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கீழே வைத்தாலும் இனி எந்த மோட்டாரும் நிற்காது.